கணக்கு மிஸ்ஸுக்கு ஒரு குலுக்கல்

பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை உறுப்பினராக்கியதற்குத் தகுதி காரணமில்லை. காலை ஒன்பதரை மணிக்குச் சும்மா நிற்கும் ஒரே தகப்பன் நான்தான். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு இரவு வாட்ச்மேன் வேலை. காலை ஆறு மணிக்கு முடியும். என் மனைவி ஹம்சாவும் மகள் அன்புக்கரசியும் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். ஹம்சா மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். நான் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அதே வழித்தட பஸ்ஸில் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விடுகிற ஆம்பளை என்பதால் எல்லோரும் என்னைப் பொறுப்பானவன் என்று நினைத்துக்கொண்டார்கள். பத்தாவதில் கணக்கில் மூன்று முறை பெயிலாகி நின்றவன் என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடையாற்றங்கரையில் எங்கள் வீடு இருந்தவரை பள்ளி நடக்கிற தூரம். ஆற்றோர வீடுகளை அகற்றுகிறோம் என்று அதை இடித்து, இருபது கிலோமீட்டர் தள்ளி பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொடுத்தார்கள். ஹம்சாவின் வேலையும் என் வேலையும் இங்கேயே இருந்தன. மகளின் பள்ளியும் இங்கேயே இருந்துவிட்டது.

மயிலாப்பூரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் மாநகராட்சி நடுநிலைப் பள்ளி அது. ஏழாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். அ பிரிவில் அக்கம்பக்கத் தெருக்களிலிருந்து நடந்து வருகிறவர்கள். ஆ பிரிவில் எங்களைப்போல் பஸ்ஸில் வருகிறவர்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படிப் பிரிக்கவில்லை. பஸ் பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள், மற்றவர்களுக்குப் பாடம் கெடுகிறது, தனியாக உட்காரவைத்தால் இரண்டு பக்கமும் வசதி என்று என்றைக்கோ யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த வசதிக்குப் பின்னாலேயே இன்னொரு வசதியும் வந்து ஒட்டிக்கொண்டது. நன்றாகப் பாடம் நடத்துகிறவர்களெல்லாம் அ பிரிவுக்குப் போனார்கள்.

கணக்கில் இது பளிச்சென்று தெரிந்தது. அ பிரிவுக்குக் கமர் ஜஹான் மிஸ். கணக்கில் பட்டம் வாங்கியவர், கரும்பலகை முன்னால் நின்றால் மின்விசிறிச் சத்தம்கூடக் குறைந்துவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எட்டாவது கணக்கும், ஆறாவதில் அ பிரிவுக் கணக்கும் அவர் தலையில்தான் என்பதால் ஏழாவதில் ஒரு பிரிவுக்குத்தான் அவரால் நேரம் ஒதுக்க முடிந்தது. ஆ பிரிவுக்குச் சித்தார்த்தன் சார். அவர் படித்தது விலங்கியல். ஆள் பற்றாக்குறையில் கணக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். போதாததற்குப் பள்ளியில் கம்ப்யூட்டர் சரளமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, சீருடைப் பட்டியல் என்று ஆன்லைனில் ஏற்ற வேண்டியதெல்லாம் அவருடைய போன் வழியாகத்தான் போகும். ஆ பிரிவுப் பிள்ளைகள் வாய்ப்பாடு எழுதுவார்கள், சார் அப்லோட் செய்வார்.

ஆறாம் வகுப்பிலும் ஆ பிரிவுக்குச் சார்தான் கணக்கு. முழு ஆண்டுத் தேர்வில் அன்புக்கரசி கணக்கில் ஏழு மார்க். ஹம்சா மார்க் அட்டையை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"தெனமும் மூணு மணி நேரம் பஸ்ல குலுங்கிக்கினு போயி ஏழு மார்க் வாங்கறதுக்கு, வூட்டாண்ட கீற ஸ்கூல்ல ஏழு மார்க் வாங்கட்டும். தூக்கமாச்சும் மிஞ்சும். காலாண்டு பரீட்சை வரைக்கும் பாப்பேன். கணக்கு வரலன்னா டி.சி. வாங்கிடுவேன்."

அன்புக்கரசி அழுகிற ரகம் இல்லை. "வாங்கிக்க. நான் அந்த ஸ்கூலுக்குப் போவேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். பெரும்பாக்கம் வந்த புதிதில் ஒரு வாரம் முழுக்கச் செய்து காட்டியிருக்கிறாள். அந்த ஒரு வாரத்தை நான் இன்னொரு முறை பார்க்கத் தயாராக இல்லை.

ஜூன் மாதம் புதுத் தலைமையாசிரியை வந்தார். பெயர் தேவானை. வடசென்னையில் ஒரு பள்ளியிலிருந்து மாற்றலில் வந்தவர். முதல் வாரமே இரண்டு பிரிவுகளிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு பள்ளிக்கூடம் நடக்குது, உங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்று ஆசிரியர் அறையில் கேட்டாராம்.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்தில் அதை எங்கள் முன்னால் வைத்தார். வருகைப் பதிவேடு போட்டாயிற்று, பிரிவுகளை அடுத்த ஜூன் வரை கலைக்க முடியாது, ஆனால் ஆசிரியரை மாற்றலாம் என்றார்.

அ பிரிவில் மகனைப் படிக்கவைக்கும் ஆட்டோக்காரர் சேட்டு எழுந்தார். "மேடம், எம்புள்ள கைல வெச்சிக்கினு கீற பென்சில புடுங்கி எதிர் வூட்டுப் புள்ளைக்குக் குடுக்கறாப்புல கீது இது."

"எதிர் வூடு இல்ல மாமா, எதிர் பெஞ்சு" என்றேன்.

"நீ தூங்கு நைனா. உனக்கு நைட் டூட்டி."

அப்புறம் அரை மணி நேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். தேவானை மேடத்தின் போன் அடித்தது. மேலிடத்திலிருந்து. அவர் அதைக் காதில் வைப்பதற்கு முன் அவசரமாகச் சொன்னார்: "குலுக்கிப் போட்டுடலாம். யார் பேர் வருதோ அவங்களுக்கு மிஸ். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. பாஞ்சாலிம்மா, நீங்கதானே தலைவி, நீங்களே எடுங்க. செம்பியன், கையெழுத்து நல்லாயிருக்கே, மினிட்ஸ் எழுதுங்க." மினிட்ஸ் நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பாஞ்சாலி அக்காவிடம் குலுக்கலைக் கொடுத்ததில் எங்களுக்கு நிம்மதி. அவர் தெற்கு மாட வீதியில் வாழையிலை விற்கிறார். மகள் எட்டாவது படிக்கிறாள் என்பதால் ஏழாவது சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர். எல்லாவற்றுக்கும் மேலே, பதினைந்து வருடமாகப் பாத்திரச் சீட்டு நடத்துகிறார். பன்னிரண்டு பெண்கள், மாதத்துக்கு ஒரு பாத்திரம். பெயர்களை எழுதித் தூக்குச் சட்டியில் போட்டுக் குலுக்குவார். பெயர் வந்தவள் அந்த மாதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் மிச்சப் பேருக்குள் குலுக்கல். வருடக் கடைசியில் பன்னிரண்டு வீட்டிலும் பாத்திரம் இருக்கும். ஆற்றங்கரையிலும் சரி, மாட வீதித் தெருக்களிலும் சரி, அவரிடம் சேராத வீடு குறைவு.

அவர் காகிதத்தைக் கிழித்து அ என்றும் ஆ என்றும் எழுதி மடித்தபோது நான் பக்கத்தில் நகர்ந்தேன்.

"அக்கா, ஆ-வ மட்டும் கொஞ்சம் பெருசா மடியேன். கைல தட்டுப்படட்டும்."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "நைட்ல திருடன் வந்து, 'அண்ணாத்த, கேட்ட கொஞ்சமா தெறந்து வை'ன்னா தெறப்பியா?"

"அது வேற."

"இன்னா வேற? குலுக்கறதுல கை வெச்சா நாளைக்கு எவ எங்கிட்ட சேருவா? கம்முனு எழுது."

எனக்கு வெட்கமாக இல்லை. கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை, அவ்வளவுதான்.

காகிதங்களைத் தூக்குச் சட்டியில் போட்டுக் குலுக்கினார். எடுப்பதற்கு முன் வழக்கம்போல் உரக்கச் சொன்னார்: "எடுத்தவங்க அடுத்த மாசம் ஒதுங்கிக்கணும். நடுவுல பூந்து இன்னொரு தபா கேக்கக் கூடாது. சரியா?"

எல்லோரும் சரி என்றோம். அ வந்தது. சேட்டு விசிலடித்தார்.

நான் இப்படி எழுதினேன்: 'கணக்கு ஆசிரியை திருமதி கமர் ஜஹான் அவர்கள் குலுக்கல் மூலம் இம்மாதத்திற்கு ஏழாம் வகுப்பு அ பிரிவுக்கு ஒதுக்கப்பட்டார். எடுத்தவர்கள் அடுத்த மாதம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' எழுதும்போது அதில் ஒரு விசித்திரமும் எனக்குத் தெரியவில்லை. குலுக்கல் என்றால் அப்படித்தானே? தேவானை மேடம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். சித்தார்த்தன் சார் பக்கத்தைப் படம் பிடித்து ஆன்லைனில் ஏற்றினார்.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை காலை பள்ளி வராந்தாவில் பதினெட்டுத் தாய்மார்கள். வழக்கமாகக் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தால் பெரிய விஷயம்.

"என்ன இவ்வளவு கூட்டம்? நான் ஏதாவது இலவசமா தர்றேன்னு யாராவது சொன்னாங்களா?" என்றார் தேவானை மேடம்.

"கணக்கு மிஸ்ஸ கூட்டிக்கினு போக வந்துகீறாங்க மேடம்" என்றார் பாஞ்சாலி அக்கா. "இந்த மாசம் ஆ முறை."

"எந்த முறை? குலுக்கல்தான் போன மாசமே முடிஞ்சு போச்சே."

"முதல் குலுக்கல் முடிஞ்சிச்சு. ரெண்டு பேர் இருந்தா ரெண்டாவது மாசம் குலுக்கறதுக்கு இன்னா கீது? மிச்சம் இருக்கறவங்கதான் எடுக்கணும்."

"அம்மா, நான் சொன்னது வருஷத்துக்கு ஒரு தடவை!"

பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு குலுக்கல், ஒருவர் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்கள் வெறுங்கையோடு போவார்கள் என்றால் அந்தச் சீட்டில் எவள் சேருவாள் என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

எல்லோரும் அறைக்குள் போனதும் நான் மினிட்ஸ் நோட்டைத் திறந்து வைத்தேன். மேடம் படித்தார். திரும்பப் படித்தார். தன் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை நானா போட்டேன்?"

"அப்லோட் பண்ணியாச்சு மேடம்" என்றார் சித்தார்த்தன் சார், உதவுகிற எண்ணத்தில். "பச்சை டிக் வந்துடுச்சு."

சேட்டு குதித்தார். "நடு வருஷத்துல டீச்சர மாத்துவீங்களா? எம்புள்ள இப்பதான் ஷோக்கா கணக்கு போட்டுக்கினு கீறான்!"

பாஞ்சாலி அக்கா அவர் பக்கம் திரும்பினார். "போன மாசம் எங்கிட்ட இட்லிக் குண்டான் யாரு எடுத்தா?"

"எம்பொண்டாட்டி."

"இந்த மாசமும் அவளுக்கே குடுக்கவா?"

"அதெப்படி குடுப்ப? மத்தவங்க சும்மா விடுவாங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் சேட்டுவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். "பேஜாரு புடிச்ச பொம்பள" என்றார், ஆனால் சிரித்துக்கொண்டேதான்.

அப்போது கமர் ஜஹான் மிஸ் உள்ளே வந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முகம் சிவந்திருந்தது.

"நான் என்ன இட்லிக் குண்டானா?"

பாஞ்சாலி அக்கா அசையவில்லை. "குண்டான்னா வூட்டுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுவேனே மிஸ். நீங்க ஒரே ஆளா பூட்டீங்க. அதான் ரவுண்டு வர வேண்டிகீது."

மிஸ் தேவானை மேடத்தின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, மாத்துங்க. ஆனா மாசா மாசம் நான் முதல்லேர்ந்து ஆரம்பிக்க மாட்டேன். நான் விட்ட இடத்துல அவர் பிடிக்கணும், அவர் விட்ட இடத்துல நான். அதுக்கு அவர் என் கிளாஸ்ல வந்து உட்காரணும், நான் அவர் கிளாஸ்ல போய் உட்காருவேன்."

சித்தார்த்தன் சாரின் கையிலிருந்த போன் நழுவி மடியில் விழுந்தது. பல் டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"போனோட உட்கார்ந்தா அவர் எப்படி நடத்துவார்?" மிஸ் விடவில்லை. "பாவம், முழு ஸ்கூலும் அவர் போன்லதான் ஓடுது. அதை யாராவது வாங்கிக்குங்க. இன்னொண்ணு, ஆ பிரிவுக்குக் கணக்கு முதல் பீரியட். பாதிப் பேர் அப்ப பஸ்ல இருக்காங்க. காலி பெஞ்சுக்கா நான் கணக்கு எடுக்கறது? மூணாவது பீரியட் வேணும்."

தேவானை மேடம் கொஞ்ச நேரம் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானத்தை ரத்து செய்ய அவரால் முடியும். தெரியாமல் எழுதப்பட்டுவிட்டது என்று மேலே ஒரு கடிதம் போட்டால் போதும். நான் அதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். காலாண்டுக்கு ஏழு வாரம்தான் இருந்தது.

"போன் வேலையை என்கிட்ட குடுங்க" என்றார். "நான் கத்துக்கறேன்."

அடுத்த பத்து நாள் தலைமையாசிரியர் அறையிலிருந்து வந்த திட்டுகளைக் கேட்டு பிள்ளைகள் புதிய சொற்கள் கற்றுக்கொண்டார்கள் என்று அன்புக்கரசி சொன்னாள். பாஸ்வேர்டு எதற்காக ஒவ்வொரு முறையும் மறந்துபோகிறது என்று அந்த அம்மாள் கம்ப்யூட்டரையே கேட்டாராம்.

கைமாறுவதற்கு முன் ஒரு வாரம் வகுப்பைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. குழு உறுப்பினர்களும் உட்காரலாம் என்றார்கள். திங்கட்கிழமை மூன்றாம் பீரியட் நான் போய் ஆ பிரிவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் நான், மறு பக்கம் கமர் ஜஹான் மிஸ். முன்னால் இரண்டாவது வரிசையில் என் மகள், எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தாள்.

சித்தார்த்தன் சார் பலகையில் எழுதினார். "மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ். எல்லாரும் சொல்லுங்க." எல்லோரும் சொன்னார்கள். திரும்பச் சொன்னார்கள். அந்தத் தாளத்தில் எனக்குக் கண் சொக்கியது. ராத்திரி முழுக்கக் கேட் முன்னால் உட்கார்ந்தவனுக்கு இதைவிட நல்ல தாலாட்டு கிடையாது.

"சார், ஏன் சார்?"

திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டேன். "தூங்கல சார்" என்றும் சொல்லிவிட்டேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. என் மகளைத் தவிர. கேட்டது நான் பயந்ததுபோல் ராத்திரி வேலையில் என்னைக் கண்காணிக்கும் குடியிருப்புச் செயலாளர் இல்லை, கமர் ஜஹான் மிஸ். மாணவிபோல் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"மைனஸும் மைனஸும் ஏன் சார் பிளஸ் ஆவுது?"

சார் பலகையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பொய் சொல்லித் தப்பிக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்தது எனக்கே தெரிந்தது.

"எனக்குத் தெரியாது மிஸ்" என்றார். "எனக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

ஆசிரியர் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. பிள்ளைகளும் அப்படித்தான் விழித்தார்கள். மிஸ் எழுந்து முன்னால் போகவில்லை. "சரி சார், சாயங்காலம் சேர்ந்து பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து பள்ளி விட்ட பிறகு இருவரும் காலி வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். ஒரு நீளமான நோட்டுப் போட்டார்கள். எங்கே விட்டோம், யாருக்கு என்ன புரியவில்லை என்று இரண்டு பேரும் அதில்தான் எழுதினார்கள். முதல் நாள்களில் சண்டைச் சத்தம் வெளியே கேட்டதாக ஆயா சொன்னார். மூன்றாவது நாள் சிரிப்புச் சத்தமாம். நான்காவது நாள் சமோசா வாங்கி வரச் சொன்னார்களாம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மிஸ் ஆ பிரிவுக்கு வந்தார். அன்று சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அன்புக்கரசி வழியை மறித்தாள்.

"அப்பா, நம்ம பிளாக் டேங்க் ஒழுவுதுல்ல? மணிக்கு ரெண்டு குடம் ஒழுவுதுன்னு வெச்சுக்க. அப்ப அது மைனஸ் ரெண்டு. இன்னும் மூணு மணி நேரம் கழிச்சு எவ்ளோ கொறையும்?"

"ஆறு குடம்."

"மூணு மணி நேரத்துக்கு முன்னாடி? அது மைனஸ் மூணு. அப்ப எவ்ளோ இருந்திருக்கும்?"

யோசித்தேன். "ஆறு குடம் ஜாஸ்தி இருந்திருக்கும்."

"அதான் பிளஸ் ஆறு. மைனஸும் மைனஸும்."

நான் ஷூ லேசைக் கட்டுவதை நிறுத்திவிட்டேன். மூன்று முறை பரீட்சை எழுதியபோதும் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. இப்போது புரிந்து எனக்கு ஒரு பயனும் இல்லை. ஆனாலும் புரிந்தது.

அந்த மாதம் எங்கள் வீட்டில் கணக்கு தவிர வேறு பேச்சில்லை. மாதத் தேர்வில் ஐம்பதுக்கு இருபத்தெட்டு வாங்கினாள். ஹம்சா மார்க்கைப் பார்த்தாள், பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "மிஸ் போயிட்டா?" என்றாள். அவள் எப்போதும் அடுத்த மாதத்திலேயே வாழ்கிறவள். "செப்டம்பர்ல திரும்ப அந்த வாய்ப்பாட்டு சாருதான? பாதில வுட்டுட்டா இன்னும் மோசம். நானே மீட்டிங்குக்கு வரேன். வந்து டி.சி.ய கேட்டு வாங்கிக்கினு போறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செப்டம்பர் முதல் வெள்ளி ஒரு வீட்டில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் அன்புக்கரசி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஹம்சாவே சொன்னாள். ஒத்திகை பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

கூட்டம் தொடங்கியது. பாஞ்சாலி அக்கா, "இந்த மாசம் அ முறை. மிஸ்ஸ எடுத்துக்கங்க" என்றார்.

சேட்டு எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "எங்களுக்கு வேணாம்" என்றார்.

"இன்னாது?"

"சாரே இருக்கட்டும். எம்புள்ள வூட்டுல ஓயாம சாரு சாருன்றான். கிளாஸ்ல செவுத்துல ஒரு பல்லி எறங்கிக்கினு இருந்துச்சாம். சாரு கணக்க நிறுத்திட்டு, 'ஒரு நிமிஷத்துக்கு ரெண்டு செங்கல் கீழ எறங்குது, மூணு நிமிஷத்துக்கு முன்னாடி எங்க இருந்திருக்கும்'னு கேட்டாராம். புள்ளைங்க பல்லி பின்னாடியே கணக்கு போட்டுக்கினு கீதுங்க. அப்பால பாம்பு, ஆமை, ஒட்டகம். காட்டையே கிளாஸுக்குள்ள கொண்டாந்துட்டாரு மனுஷன். அவர எங்களுக்கு வுட்டுடுங்க."

சித்தார்த்தன் சார் மேசை விரிப்பின் ஓரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

ஆ பிரிவுத் தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போன மாதம் மிஸ்ஸுக்காக வந்த அதே முகங்கள். "அதெப்படி?" என்றாள் ஒருத்தி. "நல்லது கிடைச்சதும் அவங்களே வெச்சுக்குவாங்களா? அந்தப் பல்லி சாரு எங்க புள்ளைங்களுக்கும் வேணும்."

"போன மாசம் வரைக்கும் நீங்கதான அவர வேணாம்னீங்க!" சேட்டு கத்தினார்.

"அப்ப பல்லி இல்ல!"

கமர் ஜஹான் மிஸ் இரண்டு கைகளையும் விரித்தார். "அரே, அப்ப என்னை யாருக்கும் வேணாமா?"

பாஞ்சாலி அக்கா மேசையைத் தட்டினார். "வேணும், வேணாம்னு சொல்ல இது ஓட்டல் இல்ல. முறை வந்தா எடுத்துக்கினுதான் ஆவணும். மிஸ்ஸு அ-வுக்கு, சாரு ஆ-வுக்கு. அடுத்த மாசம் மாத்திக்கலாம்." சேட்டு முணுமுணுத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஹம்சா மட்டும் சிரிக்கவில்லை. பல்லி அவளுக்குப் போதவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தார்த்தன் சாருக்கு நேராகப் போய் நின்றாள்.

"சார், நான் அன்புக்கரசி அம்மா. எம்பொண்ணுக்கு கணக்குல இன்னா வரல, சொல்லுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாரும் மிஸ்ஸும் எழுதும் அந்த நீள நோட்டு மேசையின் மறு கோடியில் மூடியிருந்தது. சார் அதை எடுக்கக் கையை நீட்டவில்லை.

"பெருக்கல், வகுத்தல் ரெண்டுலயும் இப்ப குறி தப்பறதில்லம்மா. அடைப்புக்குறிக்கு முன்னாடி மைனஸ் வந்தாதான் தடுமாற்றம். உள்ள இருக்கற முதல் எண்ணுக்குக் குறியை மாத்திட்டு ரெண்டாவதை அப்படியே விட்டுடறா. அதுக்காகப் பத்து கணக்கு தனியா எழுதி வெச்சிருக்கேன், திங்கட்கிழமை குடுப்பேன்." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், பதில் தெரிஞ்சாலும் அவ கை தூக்க மாட்டா. பக்கத்துல இருக்கறவளுக்கு மெதுவா சொல்லிக் குடுத்து அவளைத் தூக்க வைப்பா. போன மாசம் கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்பதான் கவனிச்சேன். முன்னாடி நின்னப்ப தெரியல."

ஹம்சா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை பரோட்டா கேட்பது எப்போதும் நான்தான். என்னைக் கேட்கவைப்பது யார் என்று அவளுக்கும் தெரியும்.

"அது நெசம்" என்றாள். "பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்."

"நான் கேள்வியை நேரா அவகிட்டயே கேக்கப் போறேன்" என்றார் சார். "கோவிச்சுக்குவாளா?"

"கோவிச்சுக்குவா. ஒரு வாரம் பேச மாட்டா. வுடாதீங்க, கேளுங்க."

சொல்லிவிட்டு ஹம்சா மேசையைச் சுற்றிக்கொண்டு தேவானை மேடத்திடம் போனாள். மேடம் கம்ப்யூட்டரோடு போராடிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"மேடம், டி.சி. வேணாம்."

"எந்த டி.சி.?" மேடம் குழம்பினார். "யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் வேணாம்னு சொல்றேன்" என்றாள் ஹம்சா. செருப்பை மாட்டிக்கொண்டு, மந்தைவெளி வீட்டு அடுப்பைப் பற்றவைக்க வேகமாக நடந்தாள்.